சைக்கிள் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டதா? டேப்பால் அளந்து பார்ப்பது எப்படி?

செயின் தொங்குகிறது என்று கடைக்குப் போனால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இறுக்கிக் கொடுப்பார்கள். அப்புறமும் தொங்கினால் ஒரு கண்ணியைக் கழற்றிவிடுவார்கள். தொங்கல் போய்விடும், தேய்மானம் போகாது. அதனால் செயினைக் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளந்து பாருங்கள்.

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, அதன் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. எண்ணெயோடு சேர்ந்த மணல், கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு பின்னையும் (pin) அது திரும்பும் துளையையும் அரைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மூட்டில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு சொச்சம் மூட்டுகளிலும் சேரும்போது செயின் நீளமாகிவிடும். பல்சக்கரத்தின் பற்கள் பழைய இடைவெளியிலேயே இருப்பதால், செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி, பல்லையும் தேய்க்கத் தொடங்குகிறது. செலவு அங்கேதான் ஏறுகிறது.

சரி, அளப்போம். இன்ச் கோடு உள்ள இரும்பு டேப் ஒன்று போதும். முதலில் டீசலோ மண்ணெண்ணெயோ தோய்த்த துணியால் செயினைத் துடையுங்கள். அழுக்கு இருந்தால் பின்னின் ஓரம் தெரியாது. பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை முன்பக்கமாக அழுத்தினால் மேல்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும். கவர் மறைத்தால், கீழ்ப்பக்கச் செயினை இன்னொருவரை நேராக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும். அதனால் அங்கிருந்து தொடங்காமல், 1 இன்ச் கோட்டை ஏதாவது ஒரு பின்னின் இடது ஓரத்தில் வையுங்கள். அந்தப் பின்னை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து 24 பின்களை எண்ணுங்கள். இரண்டு பின்களுக்கு இடையே அரை இன்ச் என்பதால், புதுச் செயினில் 24-வது பின்னின் இடது ஓரம் சரியாக 13 இன்ச் கோட்டில் வந்து நிற்கும்.

அந்தக் கோட்டைத் தாண்டி அரை நூல், அதாவது 1/16 இன்ச் போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரங்கள் உள்ள கியர் சைக்கிளில் இதற்கு மேல் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கியர் இல்லாத சைக்கிளின் தடித்த செயின் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஒரு நூல், அதாவது 1/8 இன்ச் தாண்டிவிட்டால் பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ப்ரீவீலும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். இரண்டு மூன்று இடங்களில் அளந்து, அதிகமாக வந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப் இல்லையென்றால், முன் பல்சக்கரத்தின் முன்விளிம்பில் செயினை விரலால் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

புதுச் செயினைப் பழையதோடு பக்கத்தில் வைத்து வெட்டாதீர்கள். பழையது நீண்டிருப்பதால் கண்ணிக் கணக்கு தவறிவிடும். இரண்டிலும் கண்ணிகளை எண்ணியே வெட்டுங்கள். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப் லாக் போடும்போது அதன் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடலாம்.

மாட்டி முடித்ததும் போக்குவரத்து இல்லாத இடத்தில், சீட்டில் உட்கார்ந்தபடியே மெதுவாக அழுத்தி மிதித்துப் பாருங்கள். புதுச் செயின் பல்லில் பிடிக்காமல் 'டக் டக்' என்று தாவினால் ப்ரீவீலையும் மாற்றியாக வேண்டும். அதுவரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.