பிரிஸ்பேன்ல ஓபன் கார்டன் வைக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஆகஸ்ட்ல பிரிஸ்பேன்ல மேற்குக் காத்து ஆரம்பிச்சுடும், மழை பேருக்குத்தான் இருக்கும், மண்ணு காஞ்சு கெடக்கும். சரி மழை வரட்டும்னு அக்டோபர் வரைக்கும் காத்திருந்தா அப்ப இடியும் ஆலங்கட்டியும் சேர்ந்து வரும். இதுக்கு நடுவுலதான் வீட்டுத் தோட்டத்த ஜனங்க பாக்கத் திறந்து விடுறோம். என்னக் கேட்டா தோட்டத்த வெயில் கெடுக்குறதவிட கடைசி ரெண்டு வாரம் ஓனர் பதட்டத்துல பண்ற வேலைதான் ஜாஸ்தி கெடுக்குது.

கவாத்துலயே ஆரம்பிக்குது. ஆளுங்க வர்றாங்கன்னு மரத்தையும் புதரையும் ஒட்ட வெட்டிடுறாங்க, அதுவரைக்கும் நிழல்ல சுகமா இருந்த ப்ரோமிலியாடும் ஃபெர்னும் திடீர்னு நேர் வெயில்ல மாட்டுது, ஒரு சூடான மதியம் போதும், இலை வெளுத்து பழுப்புத் திட்டு விழுந்துடும், அந்தத் திட்டு திரும்பப் பச்சையாகவே ஆகாது. பெரிய வெட்டெல்லாம் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே முடிச்சுடுங்க. ஏற்கனவே கருகின இலை இருந்தா அத விட்டுடுங்க, அடியில இருக்குற இலைக்கு அதுதான் குடை. நர்சரியில பச்சை வலைக்கு அடியில வளந்த செடிய வாங்கிட்டு வந்து மறுநாளே வெயில்ல நடுறதும் இதே கதைதான்.

அடுத்தது உரம். பச்சைப்பசேல்னு தெரியணும்னு காஞ்ச மண்ணுல யூரியாவ வீசுனா வேர் கருகும், தப்பிச்சு வர்ற தளதள துளிரும் மொத சூடான காத்துக்கே தொங்கிடும். தண்ணியும் அப்படித்தான், சாயங்காலம் ஹோஸ வச்சு மேலாப்புல நனைச்சா பத்தாது. நல்லா காஞ்ச மண்ணு தண்ணிய உள்ளயே விடாது, மேல முத்து முத்தா உருண்டு ஓடும். சந்தேகமா இருந்தா தண்ணி ஊத்திட்டு விரல விட்டு நோண்டிப் பாருங்க, ரெண்டு செண்டிமீட்டருக்குக் கீழ புழுதியாவே இருக்கும். மண்ணு தண்ணிய உள்ள இழுக்க வைக்குற சாயில் வெட்டர் மருந்தத் தண்ணியில கலந்து ஊத்தி, நிதானமா ஊற விட்டு, அப்புறம் கரும்புத் தோகை மல்ச், அதாவது மூடாக்கு போடுங்க. காஞ்ச மண்ணு மேல மல்ச் போட்டா வர்ற சின்ன மழையும் மல்ச்சுலயே நின்னுடும். தண்டோட ஒட்டிக் குவிக்காதீங்க, அழுகிடும்.

பலரும் கோட்ட விடுறது பிண்டிங்கற முள்ளுக் களை. நம்ம ஊர் நெருஞ்சிக்குத் தம்பி மாதிரி, புல்லுக்குள்ள தரையோட தரையா கேரட் இலை கணக்கா படுத்திருக்கும், இங்க ஜூன்லேந்து ஆகஸ்ட் வரைக்கும் குளிர்காலம், அது பூரா ஒண்ணும் தெரியாது, வசந்தம் வந்ததும் முள்ளு வச்ச விதை வந்துடும். செப்டம்பர்ல புல்தரையப் பாத்ததும் செருப்பக் கழட்டிட்டு ஓடுற குழந்தைதான் மொதல்ல கண்டுபிடிக்கும், அலறல் கேட்டா தெரிஞ்சுக்கலாம். அப்ப மருந்தடிச்சு பிரயோஜனமே இல்ல, செடி செத்தாலும் முள்ளு அங்கயே இருக்கும். பூக்குறதுக்கு முன்னாடி, ஜூன் ஜூலையிலயே அடிச்சாகணும். உங்க புல்தரை பஃபலோங்கற அகல இலைப் புல் வகையா இருந்தா லேபிளப் படிச்சுட்டு அடிங்க, சில மருந்து புல்லையே காலி பண்ணிடும்.

பூவ மட்டும் நம்பாதீங்க. பெட்டூனியா கொள்ளை அழகுதான், ஒரு கனமழை போதும் கூழாயிடும். குரோட்டன்ஸ், கார்டிலைன், ப்ரோமிலியாட்னு இலையிலயே கலர் இருக்குற செடிய முன்னாடி வச்சா முந்தின நாள் மழை பேஞ்சாலும் தோட்டம் தோட்டமாத்தான் இருக்கும். ஆலங்கட்டி அடிச்சா அதுவும் கிழியும், அதனால நல்ல தொட்டிங்கள கூரைக்கு அடியில இழுக்க வழி வச்சுக்கோங்க.

செடியப் பாத்துப் பாத்து செஞ்சுட்டு வர்ற ஆளுங்கள மறந்துடுறோம். பாதையில பாசி இருந்தா தேய்ச்சுக் கழுவுங்க, ஹோஸ குறுக்க போடாதீங்க, பழுத்துத் தொங்குற பனை மட்டைய முன்னாடியே இறக்கிடுங்க, கத்தாழை மாதிரி இருக்குற அகேவோட முள்ளு நுனியில ஒரு கார்க் சொருகிடுங்க, குனிஞ்சு பாக்குற ஆளோட கண்ணுக்கு நேரா இருக்கும் அது. பாப்-அப் டென்ட் போட்டா நாலு காலுக்கும் வெயிட் கட்டணும். இடி கேட்டுச்சுன்னா எல்லாரையும் வீட்டுக்குள்ளயோ கராஜுக்குள்ளயோ கூப்பிட்டுடணும், மரத்தடியில குடை புடிச்சு நிக்க விடக்கூடாது. மழைன்னா கேன்சலா, அடுத்த வாரமாங்கறத நோட்டீஸ்லயே போட்டுடுங்க. வீட்டு இன்சூரன்ஸ் டிக்கெட் போட்டு வர்ற ஆளுங்களுக்கும் செல்லுமான்னு கம்பெனியக் கேட்டு எழுத்துல வாங்கிடுங்க, செல்லும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க.

வாசல்ல செடி விக்குற ஐடியா இருந்தா கவனம். 2001ல பிரிஸ்பேன்ல ஃபயர் ஆன்ட்ங்கற, கொட்டுனா நெருப்பா எரியுற வெளிநாட்டு எறும்பக் கண்டுபிடிச்சதுலேந்து இந்தப் பக்கம் மண்ணு, மல்ச், தொட்டிச்செடி இதையெல்லாம் இடம் மாத்த கட்டுப்பாடு இருக்கு. உங்க சபர்ப் அந்த எறும்புக் கட்டுப்பாட்டுல எந்த ஜோன்ல வருதுன்னு பாத்துட்டு மேஜை போடுங்க. மண்ணு ஒட்டாத ஃப்ரஞ்சிபேனி குச்சி குடுத்தா அந்தத் தலைவலி இல்ல, அதுவும் நட்டா தன்னால வரும்.

அப்புறம் செடிப் பேர மார்க்கர்ல எழுதாதீங்க, குயின்ஸ்லாந்து வெயில்ல வெளுத்துப் போயிடும். சாதா பென்சில்ல எழுதுங்க, வருஷக்கணக்கா நிக்கும், "இது என்ன செடி"ன்னு காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் பதில் சொல்ற வேலையும் மிச்சம்.