திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து லாட்ஜுக்கும் ஊருக்கும்: குறைந்த செலவில் போகும் வழி

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிற எங்களுக்கு விமான நிலையம் என்றாலே திருவனந்தபுரம்தான். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள், சென்னையிலிருந்து அவசரமாக வருகிறவர்கள், ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கும் ஸ்ரீசித்ரா மருத்துவமனைக்கும் சிகிச்சைக்காக வருகிறவர்கள் என எல்லோரும் அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் வாசலில் நிற்கிற காரில் ஏறிவிடுவது பழக்கமாகிவிட்டது. மார்த்தாண்டம் வரைக்கும் காருக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு குடும்பமே பலமுறை ரயிலில் போய்வரலாம்.

திருவனந்தபுரத்தில் பணம் கரைவது விமான நிலைய வாசலிலிருந்து பஸ் போகிற சாலை வரைக்கும் உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான். அதைத் தாண்டிவிட்டால் நகரத்தின் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் இருக்கிற தம்பானூரும் சரி, நாகர்கோவிலும் சரி, சில்லறைக் காசுக்குள் அடங்கிவிடும். அந்த முதல் துண்டைக் கடக்கும் வழியைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

1. எந்த முனையம் என்று முதலில் பாருங்கள்

இங்கே இரண்டு முனையங்கள் இருக்கின்றன. டி1 கடற்கரைப் பக்கம், சங்குமுகத்தில். டி2 ஊர்ப் பக்கம், சாக்கையில், தேசிய நெடுஞ்சாலை 66-இன் பைபாஸை ஒட்டி. ஓடுபாதை நடுவில் கிடப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்க முடியாது. சாலை வழியே சுற்றித்தான் போக வேண்டும். உள்நாட்டு விமானம் என்றால் டி1 என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சில உள்நாட்டு விமானங்கள் டி2-இலும் வந்து போகின்றன. டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். கூட்டிப்போக ஆள் வருவதாக இருந்தால் இதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

2. முனையத்திலிருந்து பஸ் சாலைக்கு

வெளியே வந்ததும் முதலில் விசாரிக்க வேண்டியது சுற்றுப் பேருந்து. 2022 ஆகஸ்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மின்சாரப் பேருந்துகளைக் கொண்டு இரண்டு முனையங்களையும் தம்பானூரையும் இணைத்து ஒரு சேவை தொடங்கியது. நேரமும் வழித்தடமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசலில் நிற்கிற காவலரிடமோ தகவல் மேசையிலோ “அடுத்த தம்பானூர் பஸ் எப்போது?” என்று கேட்டுவிடுங்கள். கால் மணி நேரத்துக்குள் வரும் என்றால் நில்லுங்கள். இல்லையென்றால் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

டி2-இல் இறங்கியவர்கள் பைபாஸுக்கு வந்துவிட வேண்டும். கையில் ஒரு பை மட்டும் என்றால் நடந்தே வரலாம். பைபாஸிலிருந்து வடக்கே சாக்கை சந்திப்பு, தெற்கே ஈஞ்சக்கல். சாக்கையிலிருந்து ஊருக்குள் திரும்பினால் பேட்டை. பேட்டையில் நின்றால் தம்பானூருக்கும் கிழக்கேகோட்டைக்கும் பஸ் வந்துகொண்டே இருக்கும். ஈஞ்சக்கலில் நின்றால் கிழக்கேகோட்டை பக்கம்.

பெட்டி இருந்தால் பேட்டை வரைக்கும் மட்டும் ஆட்டோ பிடியுங்கள். 2022 மே மாதம் கேரள அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். அந்தக் கணக்கில் இரண்டரை கிலோமீட்டருக்கு 45 ரூபாய். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பாதி கூடுதல். வளாகத்துக்குள் நிற்கிற ஆட்டோக்காரர் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகை சொல்வார். சாலைக்கு வந்து ஓடுகிற ஆட்டோவை நிறுத்தி, “சேட்டா, மீட்டர் போடுங்கள்” என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. தமிழில் பேசினாலே போதும், இந்த நகரத்தில் பெரும்பாலும் புரியும். அரைகுறை மலையாளத்தில் தொடங்கினால்தான் நீங்கள் வெளியூர் என்பது சட்டென்று தெரிந்துவிடுகிறது.

டி1-இல் இறங்கியவர்களுக்கு வேலை இன்னும் எளிது. சங்குமுகம், வேளி பக்கத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு நகரப் பேருந்துகள் இருக்கின்றன. பகலில் இதுவே போதும். இரவில் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆட்டோவே நல்லது.

சாதாரண நகரப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய கையோடு 500 ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் முகம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

3. லாட்ஜ் எங்கே எடுப்பது

தம்பானூரில்தான். ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் அங்கே எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு சாலை. மாஞ்சாலிக்குளம் ரோட்டிலும் அரிஸ்டோ சந்திப்பைச் சுற்றியும் எல்லா விலையிலும் லாட்ஜுகள் கிடைக்கும். கிழக்கேகோட்டையில் எடுத்தால் பத்மநாபசுவாமி கோயிலுக்கு நடந்து போகலாம். தம்பானூரிலிருந்தும் அது ஒன்றும் பெரிய தூரமில்லை. அறையை எடுக்கும் முன் நேரில் பார்த்துவிடுங்கள், குறிப்பாகச் சாலையைப் பார்த்த சன்னலா, பின்பக்கமா என்று. தம்பானூரில் பஸ்கள் விடியும் முன்பே ஹாரனைத் தொடங்கிவிடும்.

கன்ஃபார்ம் ஆன ரயில் டிக்கெட் கையில் இருந்தால் ரயில் நிலையத்தின் ஓய்வறையையும் முயன்று பார்க்கலாம்.

சிகிச்சைக்காக வருகிறவர்கள் தம்பானூரில் அறை எடுக்கக் கூடாது. ஆர்.சி.சி., ஸ்ரீசித்ரா இரண்டும் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கின்றன. அந்த வட்டாரத்திலேயே நோயாளிகளும் துணைக்கு வருகிறவர்களும் தங்குகிற அறைகள் ஏராளம். டி2-இலிருந்து பேட்டை, கண்ணம்மூலை வழியாக ஆட்டோவில் நேரே போய்விடுங்கள். தம்பானூர் வரை வந்து பஸ் மாறினால் பணம் மிச்சமாகும், மருத்துவக் கல்லூரிக்கு அங்கிருந்து பஸ்ஸுக்கும் குறைவில்லை. ஆனாலும் நோயாளியைக் கூட வைத்துக்கொண்டு அந்த மிச்சம் வேண்டாம்.

4. ஊருக்குப் போகிறவர்கள்

ரயில்தான் முதல் தேர்வு. திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து நாகர்கோவில் வழியில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் வரும். மார்த்தாண்டம் என்ற பெயரில் ரயில் நிலையம் கிடையாது; அங்கே போகிறவர்கள் குழித்துறையில் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் பாசஞ்சர் ரயில் நிற்கிற குழித்துறை மேற்கு என்பது வேறு நிறுத்தம். பெயரைப் பார்த்துப் பாதியில் எழுந்து இறங்கிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முன்பதிவில்லாத டிக்கெட்டைக் கைபேசியில் எடுப்பதாக இருந்தால் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

ரயில் நேரம் ஒத்துவரவில்லையென்றால் எதிரே பேருந்து நிலையம். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாகர்கோவில் போகும் நேரடிப் பேருந்து. வடசேரியில் கொண்டுபோய் இறக்கிவிடும். பெரிய பெட்டிகள் இருந்தால் இதுதான் சரி. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கேரள பஸ்ஸில் களியக்காவிளை வரை போய் அங்கே மாறுவது. சாதாரண பஸ்ஸில் 40 ரூபாய்க்கு முன்பின் ஆகும். நேரடிப் பேருந்துக்குக் காத்திருக்காமல் வருகிற பஸ்ஸில் ஏறிவிடலாம் என்பது இதிலுள்ள வசதி. களியக்காவிளை போர்டு இல்லையென்றால் நெய்யாற்றின்கரை வரை போய்க்கூட மாறலாம். வழியில் பாலராமபுரத்தில் பஸ் ஊர்ந்துதான் போகும். தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் நெசவு ஊர் அது. கைத்தறி வேட்டிக் கடைகளைச் சன்னல் வழியே நிதானமாகப் பார்த்துக்கொண்டு வரலாம், வேறு வழியும் இல்லை.

களியக்காவிளையில் மாறும்போது காதே சொல்லிவிடும். அதுவரை கண்டக்டர் கூரையில் ஓடுகிற கயிற்றை இழுத்து, ஒரு மணி அடித்து நிறுத்தி, இரண்டு மணி அடித்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறியதும் விசில். பெண்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. மார்த்தாண்டம் போகிற டவுன் பஸ் வந்தால், எல்லைக்கு இந்தப் பக்கப் பயணம் அவர்களுக்கு இலவசம். வெளியூர்ப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கேரள எல்லைக்குள் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

5. திரும்பி விமானம் பிடிக்க

இதே வழியைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். ஆனால் இப்போது நேரம் உங்கள் கையில் இல்லை. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும் என்றால், தம்பானூரில் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் இருங்கள். அதிகாலை விமானம் என்றால் முந்தின நாள் மாலையே வந்து லாட்ஜில் தங்கிவிடுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து நள்ளிரவில் கார் பிடிப்பதைவிட இது மலிவு. காலையில் தம்பானூரிலிருந்து ஆட்டோ எடுக்க ரயில் நிலையத்தில் பிரீபெய்டு கவுண்டர் இருக்கிறது. இரவுக் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம், அந்த நேரத்தில் பஸ்ஸை நம்பக் கூடாது.

ஆண்டில் சில நாட்களில் மேலே சொன்ன எதுவும் நடக்காது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போகிறது. போகிற வழியே ஓடுபாதைதான். அந்த இரண்டு நாளும் மாலையில் சில மணி நேரம் விமானங்களே பறப்பதில்லை, சங்குமுகம் சாலையும் நெரிசலில் நின்றுவிடும். மாசி மாதத்து ஆற்றுக்கால் பொங்கலன்று தம்பானூர், கிழக்கேகோட்டை தெருக்களெல்லாம் அடுப்புகளும் பெண்களுமாக நிறைந்துவிடும். லாட்ஜுகளும் முன்கூட்டியே நிரம்பிவிடும். டிக்கெட் எடுக்கும் முன் இந்தத் தேதிகளைக் கேரள நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். ஆற்றுக்கால் பொங்கல் நாளில்தான் பறக்க வேண்டும் என்றால், களியக்காவிளையிலிருந்து ஊருக்குள் நுழையாமல் பைபாஸ் வழியாகச் சாக்கைக்குப் போய்விடுங்கள். அன்று ஒருநாள் கார் எடுப்பதை நானே தடுக்க மாட்டேன்.