விமான நிலையத்திலிருந்து நகருக்குள்: எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறுமுன்

விமான நிலையத்தில் முதலில் கண்ணில் படுவது எக்ஸ்பிரஸ் ரயில் விளம்பரம்தான். டிக்கெட் எடுக்கும் முன் சாதாரண மெட்ரோ, பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் ஹீத்ரோவில் எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் நகருக்குள் இருக்கும் பாடிங்டன் ரயில் நிலையத்தில் சேர்க்கும்; பிக்கடில்லி மெட்ரோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்தாலும் கட்டணம் மிகக் குறைவு. பாடிங்டனில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டுமென்றால் மிச்சமான நேரமும் அங்கேயே கரைந்துவிடும். தங்குமிடம் வரைக்குமான மொத்தச் செலவைத்தான் ஒப்பிட வேண்டும்.

லண்டன் மெட்ரோ வாசலில் டிக்கெட்டுக்குப் பதில் வங்கி கார்டைத் தட்டி உள்ளே போனால், வெளியே வரும்போதும் அதே கார்டுதான். அதே கார்டைப் போனில் ஏற்றித் தட்டினாலும் இயந்திரம் வேறு ஆளாகவே கணக்கிடும். முடிவடையாத இரண்டு பயணங்களுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். ஆளுக்கொரு கார்டு அவசியம். நள்ளிரவில் இறங்குபவர்கள் கடைசி ரயில் நேரத்தையும் இரவுப் பேருந்து எண்ணையும் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.