பையை நீங்கள் அடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கு படிக்கும் பிள்ளை தண்ணீர்ப் புட்டியை எங்காவது விட்டுவிட்டு வருகிறது, நாளைக்கு வண்ண அட்டை வேண்டும் என்று இரவு பத்து மணிக்குச் சொல்கிறது, பைக்கு அடியில் போன தவணைப் பயிற்சித்தாள் அப்பளமாய் நொறுங்கிக் கிடக்கிறது. திட்டி என்ன பயன்? ஒரு வேலையை மனத்தில் நிறுத்தி, வரிசைப்படுத்திச் செய்யும் திறன் இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பத்து வயதில் அரைகுறையாக இருந்தால் ஆச்சரியமில்லை. தலைக்குள் தங்காததைக் கண்ணில் படுகிற இடத்துக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை.

முதலில் தாள்கள். வண்ண வண்ணமாக ஃபைல்களை வாங்கிக் குவிக்காதீர்கள், எதை எதில் வைப்பது என்பதே பிள்ளைக்கு இன்னொரு பாடமாகிவிடும். பள்ளி கேட்கும் ஃபைல்கள் இருக்கட்டும். அது தவிர ஜிப் வைத்த உறை ஒன்றே ஒன்று போதும். வீட்டுக்கு வருகிற தாளும் பள்ளிக்குத் திரும்புகிற தாளும் அதில்தான்.

பை அடுக்குவது இரவு வேலை. பள்ளி ஏழரைக்கே தொடங்கிவிடும், பள்ளிப் பேருந்துக்குப் பொழுது விடியும் முன்பே கீழே இறங்க வேண்டும், காலையில் யாருக்கும் தலைகால் புரியாது. கால அட்டவணையைப் பை வைக்கும் இடத்துக்கு மேலேயே சுவரில் ஒட்டுங்கள். பிள்ளை அதை வாய்விட்டுப் படித்து, தன் கையால் எடுத்து வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், கை மட்டும் போகக் கூடாது. கொஞ்ச நாள் கழித்து, “உறை உள்ளே போயாச்சா?” என்று ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம். (பாட்டியும் பணிப்பெண்ணும் ரகசியமாக அடுக்கிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.)

நம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ப் பாடத்துக்குப் பெரும்பாலும் சொந்த வகுப்பை விட்டு வேறு அறைக்குப் போகிறார்கள், பென்சில் பெட்டி அங்கேயே தங்கிவிடுகிறது. தமிழ்ப் புத்தகத்தோடு சேர்த்து ஒரு சின்னப் பையில் இரண்டு பென்சில், ஓர் அழிப்பான் தனியாகப் போட்டுக் கொடுங்கள். பாடம் முடிந்து எழுந்ததும் மேசையையும் நாற்காலியையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கப் பழக்குங்கள். புட்டியில் பெயர் ஒட்டுங்கள். சொல்வதெழுதுதல் பட்டியல் குளிர்பதனப்பெட்டிக் கதவில் இருக்கட்டும்.

பள்ளி பெற்றோரைத் தொடர்புகொள்ளும் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வரும் அனுமதிப் படிவம் உங்கள் பொறுப்பு, வீட்டுப்பாடம் பிள்ளையின் பொறுப்பு. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் “இன்னிக்கு என்ன வீட்டுப்பாடம்?” என்று கேட்டால், அம்மா எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று தெரிந்த பிள்ளை எதற்குக் குறிப்பேட்டில் எழுதப்போகிறது? மறந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடவும் வேண்டாம். மருந்து, மூக்குக்கண்ணாடி, பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நாள், இதற்கெல்லாம் ஓடத்தான் வேண்டும்.

இவ்வளவு செய்தும் வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேலாக அதே நிலை, உட்கார்ந்து ஒரு பக்கம்கூட முடிக்க முடியவில்லை என்றால் சோம்பேறி என்று முத்திரை குத்தாமல் வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் பேசுங்கள். கவனக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கலாம். போகும் முன் சில வாரங்களுக்கு என்ன தொலைந்தது, எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில் என்று குறித்து வைத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வரும்.