கண் கிளினிக்குக்கும் இரவு பஸ்ஸுக்கும் இடையில்: கொழும்பில் மரமும் நீரும் பார்க்கும் வழி

கிளிநொச்சி வட்டக்கச்சியிலிருந்து கொழும்பைச் சுற்றிப் பார்க்கவென்றே போகிறவர்கள் மிகக் குறைவு. கண் ஆஸ்பத்திரி, தேசிய வைத்தியசாலை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி, பத்தரமுல்லை கடவுச்சீட்டு அலுவலகம் என்று ஏதோ ஓர் அலுவல் இழுத்துக்கொண்டு போகிறது. விடிவதற்குள் பஸ் இறக்கிவிடும். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். திரும்பும் பஸ்ஸோ இரவில்தான். இடைப்பட்ட நேரத்தை ஆஸ்பத்திரி விறாந்தையிலும் வெள்ளவத்தை லொட்ஜ் அறையிலும் கழித்துவிட்டு, கொழும்பென்றால் புகையும் வெக்கையும்தான் என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறோம். எனக்கு இது பெரிய மனத்தாங்கல். அந்த நகரத்தின் மரநிழலில் நமக்கும் பங்கு உண்டு; பெரும்பாலான இடங்களுக்குக் கட்டணமும் இல்லை. அம்மாவின் கண் சிகிச்சைக்காகப் போய்வந்த பழக்கத்தில், இப்போது ஊரில் யார் போனாலும் துணைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களை நான் எங்கே, எந்த நேரத்தில் அழைத்துப் போகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வானத்தைப் பற்றி. கொழும்பின் மழைக்காலம் நம்முடையது அல்ல. வைகாசியில் கிளிநொச்சியில் புழுதி பறக்கும்போது அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும். ஆகவே இங்கே வெயில் எரிக்கிறதே என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஐப்பசியில் பிற்பகல் இடிமழை வழக்கம். ஜனவரி, பெப்ரவரியில்தான் மழை குறைவு; மார்ச், ஏப்ரலில் கடற்காற்றின் ஈரம் உடம்போடு ஒட்டும், நம் ஊர் உலர்ந்த வெயிலுக்குப் பழகியவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் மாலை நான்கரைக்குப் பிறகும்தான் நடக்கும் நேரம். நடுப்பகல் உட்கார்ந்திருப்பதற்கு.

உட்காருவதற்கு விகாரமகாதேவி பூங்காவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கண் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து சில நிமிட நடை. தேசிய வைத்தியசாலையிலிருந்தும் நடந்தே வரலாம். புறக்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நகர மண்டபத்தில் இறங்கினால் போதும். வெள்ளை நிறத்தில் குவிமாடத்தோடு தெரிவதுதான் நகர மண்டபம். அதற்கு எதிரே பெரிய புத்தர் சிலை, அதன் பின்னால் விரிவது பூங்கா. முன்பு இதற்கு விக்டோரியா பூங்கா என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவம் இங்கே முகாம் அடித்திருந்தது. 1951இல்தான் மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். இராணுவம் இருந்த நிலம் திரும்பவும் பிள்ளைகள் ஓடும் இடமாவது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். அந்த நேரத்தில் பஸ்ஸைத் தேடி வெயிலில் அலைவது கொடுமை. கறுப்புக் கண்ணாடியோ விளிம்புள்ள தொப்பியோ கொண்டுபோங்கள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து, வீதியோரம் இல்லாமல் பூங்காவின் நடுப்பகுதியில், நிழல் அடர்ந்த ஒரு வாங்கில் இருத்துங்கள். பெரிய அத்தி இனத்து மரங்களும் கிளை விரித்த தூங்குமூஞ்சி மரங்களும் அங்கே வெயிலை நிலத்தில் விழவிடுவதில்லை. தூங்குமூஞ்சி நம் நாட்டு மரம் அல்ல, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. மாலை ஆனதும் இலைகளை மடித்துக்கொள்ளும். அதைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாலையும் முதிரையும் பார்த்த கண்களுக்கு அது புதிது. மார்ச் முதல் மே வரை போகக் கிடைத்தால் பூங்காவின் பூமரங்களையும் பார்க்கலாம். பொழுது சாய்ந்ததும் பழவௌவால்கள் வானத்தில் கூட்டமாகக் கிளம்பும்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது. கச்சான், மாங்காய் விற்பவர்கள் வருவார்கள். பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். காகத்துக்கு மட்டும் எதையும் போடாதீர்கள், ஒன்றுக்குப் போட்டால் நாற்பது வரும்.

நடக்க முடிந்தவர்கள் பூங்காவை விட்டு கிரீன் பாத் பக்கம் திரும்பலாம். ஆனந்த குமாரசுவாமியின் பெயரைச் சூட்டிய வீதி அது. நடைபாதையோரம் ஓவியர்கள் தங்கள் படங்களை வேலியில் சாய்த்து வைத்திருப்பார்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, நின்று பார்த்தால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். கிட்டத்திலேயே 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகம், அதன் வளவில் விழுது பரப்பிய பெரிய ஆலமரம். டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்கள் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல் அது. பசுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

சுதந்திர சதுக்கம் ஓடவும் வேகமாக நடக்கவும் ஏற்ற இடம். இளைஞர்கள் காலையில் போகட்டும். முதியவர்களுக்கு அங்கே நிழல் போதாது. பேரை வாவியில் கூழைக்கடாக்களைப் பார்க்கலாம், ஆனால் தண்ணீர் பச்சைப் பாசி பிடித்து மணப்பதால் அதிக நேரம் நிற்க முடியாது.

ஒரு முழு நாள் கையில் இருந்தால், குறிப்பாகப் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு வேலை இருந்தால், சதுப்பு நிலத்தைத் தவறவிடாதீர்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை போகும் 177 பஸ் பத்தரமுல்லை வழியாகத்தான் போகிறது. அங்கே தியத உயன நீர்க்கரையோரப் பூங்கா. செடி விற்கும் கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் உண்டு, மாலையில் கலகலப்பாக இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது கோட்டே பக்கம் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா. தியத உயனவிலிருந்து ஓட்டோவில் போய்விடலாம். பிக்மி (PickMe) என்ற கைபேசிச் செயலியில் ஓட்டோவைக் கூப்பிட்டால் தொகை முன்கூட்டியே தெரியும், மொழிச் சிக்கலும் குறையும். பெத்தகானவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

பெத்தகான 2016இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 18 ஹெக்டேர். சதுப்பின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், நீருக்கும் புல்லுக்கும் நடுவே நடந்து போகலாம். நான் கூட்டிப்போன அம்மம்மா ஒருவர் முதல் வளைவிலேயே நின்றுவிட்டார். "பிள்ளை, இது எங்கள் குளத்துக் கோழி அல்லவா?" என்று கையைக் காட்டினார். நீலத் தாழைக்கோழிதான். நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி என்று நம் குளக்கரையில் பார்க்கிறவை எல்லாம் அங்கே இருந்தன. அவற்றின் பெயர்களை அவர் சொல்லிக்கொண்டே வர, பக்கத்தில் வந்த கொழும்புப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆகவே முதியவர்களை இங்கே கூட்டிவருவதில் ஒரு நன்மை இருக்கிறது: நகரத்தில் வழிகேட்டுத் தயங்குகிறவர்கள் இங்கே வழிகாட்டிகளாகி விடுகிறார்கள்.

இந்தச் சதுப்பு எதற்கு என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் கொழும்பு மூழ்கியது, நாடாளுமன்ற வளவுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அதன் பிறகுதான் மீந்திருக்கும் தாழ்நிலங்களை மூடாமல் காக்கவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பெய்கிற மழையை இந்தப் பள்ளங்கள் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீருக்கு இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அதே 2018இல்தான், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்கள் என்று உலகில் முதன்முதலாக அறிவித்த 18 நகரங்களில் கொழும்பும் இடம்பெற்றது.

இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. இரவில் நடமாடுவது, காண்போம் என்று எதிர்பார்க்க வேண்டாம். கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பை அநேகமாகக் காணலாம். முதலையும் உண்டு, எனவே பலகையை விட்டுக் கீழே இறங்கக்கூடாது. நம் அன்னமுன்னாவின் உறவான ஓர் அந்நிய மரம் இந்தச் சதுப்புகளில் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. கண்டால் பழத்தைப் பறித்து விதையை வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். நுளம்புக்கு முழுக்கைச் சட்டை அவசியம். டெங்கு கொழும்பில் விளையாட்டுக் காரியம் அல்ல.

மாலைக்குக் காலிமுகத்திடல். காலி வீதியில் ஓடும் 100, 101 பஸ்கள் இரண்டும் அந்த வழியால் போகின்றன, வெள்ளவத்தையில் தங்கியிருப்பவர்களுக்கு மிக எளிது. 1859இல் அமைத்த கடற்கரை நடைபாதை அது. மரம் கிடையாது; புல்வெளியும் காற்றும்தான். நான்கு மணிக்கு முன்பு போனால் வெயில் வதைக்கும், ஐந்துக்குப் பிறகு போங்கள். பட்டம் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், இறால் வடையைச் சூடாக எடுக்கும் கடையில் வாங்குங்கள். கடலில் இறங்கவேண்டாம், அலை இழுக்கும். 2022 மே 18 அன்று, அரசுக்கு எதிரான போராட்டக்காரர்கள் கூடாரம் அடித்திருந்த இந்தத் திடலில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பகிர்ந்தார்கள். நம்மவர்கள் அங்கே போய் நிற்கும்போது இது தெரிந்திருக்கவேண்டும் என்பதால் நான் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

பஸ் புறக்கோட்டையில் என்றால் ஏழு மணிக்கே திடலை விட்டுக் கிளம்புங்கள், மாலை நெரிசலில் அந்தக் குறுகிய தூரமும் நீளும். வெள்ளவத்தையில் ஏறுகிறவர்கள் இருக்கையைப் பகலிலேயே பதிந்துகொண்டு, பைகளை லொட்ஜிலோ பஸ் பதியும் இடத்திலோ கேட்டு வைத்துவிட்டு வாருங்கள். கையில் தண்ணீர்ப் போத்தல், குடை, துவாய், மருந்துத் துண்டு இவை மட்டும் இருந்தால் போதும். பூங்காவுக்குப் புறப்படும் முன் ஆஸ்பத்திரியிலேயே கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள்.