பொருள் தெரியாமல் பயனர் கையேடு எழுதினால் வரும் தவறுகள்

ஊட்டியில் மொட்டுக் காளான் வளர்ப்பவர்கள் உண்டு. காளான் வித்து தயாரிக்க, வேகவைத்த சோளத்தைப் பையில் நிரப்பி ஆட்டோகிளேவில், அதாவது பிரஷர் குக்கர் போல நீராவியை அடைத்துச் சூடேற்றும் கருவியில், வைத்துக் கிருமி நீக்குவார்கள். அப்படி ஒரு கருவிக்குத் தமிழில் கையேடு எழுதும் வேலை எனக்கு வந்தது. தயாரிப்பாளர் தந்த குறிப்பில் இருந்தபடியே, ‘அழுத்தமானியின் முள் 15 பவுண்டைத் தொட்டதும் நேரம் பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில், பைகளில் பச்சைப் பூஞ்சை படர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கிருமியைக் கொல்வது சூடு. அழுத்தம் அந்தச் சூட்டை எட்டுவதற்கான வழிதான். 15 பவுண்டில் நீராவி 121 டிகிரிக்கு ஏறும் என்பது கடல்மட்டத்துக் கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், முள் அதே 15 பவுண்டில் நின்றாலும் உள்ளே 117 டிகிரி அளவுக்குத்தான் சூடு இருக்கும். கருவி தாங்கும் வரம்புக்குள் அழுத்தத்தைக் கூட்டவேண்டும், முடியாவிட்டால் நேரத்தைக் கூட்டவேண்டும். ஒரு எண் எதற்காக இருக்கிறது என்று கேட்காமல் எழுதியதுதான் என் தவறு.

சரி, நிபுணரிடம் கேட்டு எழுதினால் போதுமா? போதாது. பழகிய கை செய்வதை வாய் சொல்லாமல் விட்டுவிடும். அப்புறம் ஒரு நாள் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். வால்வை உடனே மூடாமல், நீராவி விடாமல் சீறி வரும்வரை காத்திருந்தார். உள்ளே சிக்கிய காற்று முழுக்க வெளியேறாவிட்டால், முள் சரியாகக் காட்டும், சூடு மட்டும் ஏறியிருக்காது. கேட்டபோது இதை அவர் சொல்லவே இல்லை, நினைவில் வரும் அளவுக்கு அது அவருக்குத் தனி வேலையாக இல்லை.

சொற்களிலும் இதே ஆபத்து உண்டு. குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வந்ததும் முதலில் வாட்டுவார்கள், அதாவது ஈரத்தை ஓரளவு மட்டும் குறைத்து இலையைத் துவளவிடுவார்கள். அரைத்து, நிறம் மாறவிட்ட பிறகே உலர்த்துவார்கள். வாட்டும் இயந்திரத்தின் கையேட்டில் ‘இலையை உலர்த்தவும்’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அகராதிப்படி பெரிய பிழையாகத் தோன்றாது. ஆனால் கொழுந்து அங்கேயே காய்ந்து நொறுங்கினால் அதிலிருந்து நல்ல தூள் வராது. இப்போதெல்லாம் எழுத உட்காரும் முன் ஒரு ஷிப்ட் முழுக்க அங்கேயே நின்று, அவர்கள் சொல்லும் சொற்களைக் குறித்துக்கொள்கிறேன்.