யாருடைய பிழை மன்னிக்கப்படுகிறது? செலஸ்ட் இங்கின் நாவலை வாசிக்க ஒரு வழிகாட்டி

செலஸ்ட் இங் எழுதி 2017இல் வெளிவந்த ‘லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்’ நாவலை வாசிப்பவர்களில் பலர், அதில் வழக்குக்குள்ளாகும் குழந்தை பெற்ற தாயிடம் சேர வேண்டுமா, தத்தெடுக்க விரும்பும் தம்பதியரிடம் சேர வேண்டுமா என்று பாதியிலேயே முடிவுசெய்துவிட்டு, அம்முடிவுக்குச் சாட்சி தேடியபடியே மீதிப் பக்கங்களைக் கடந்துவிடுகிறார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் வாசித்தேன். இரண்டாம் முறை வேறொரு கேள்வியோடு தொடங்கினேன்: இருவர் பிழை செய்யும்போது யாருடைய பிழை சுவடின்றி மறைகிறது, யாருடைய பிழை கடைசிவரை துரத்துகிறது? வர்க்கமும் இனமும் தாய்மையும் ஒரே முடிச்சாக விழுந்திருப்பதை அந்தக் கேள்விதான் எனக்குக் காட்டியது. நீங்களும் அதை முன்வைத்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கதையின் சில திருப்பங்கள் இங்கே வெளிப்படும்.

முதலில் ஊரை வாசியுங்கள். 1990களின் இறுதியில், ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரை ஒட்டிய ஷேக்கர் ஹைட்ஸில் கதை நடக்கிறது. ஆசிரியரும் இளம்பருவத்தில் அங்கு வாழ்ந்தவர். திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் அது. அதன் லட்லோ பகுதியில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இணைந்து 1957இல் குடியிருப்போர் சங்கம் அமைத்தார்கள் என்பது வரலாறு. அந்தப் பெருமிதத்தில் வளர்ந்த லெக்ஸி, வசதியான ரிச்சர்ட்சன் குடும்பத்தின் மூத்த மகள், தங்கள் ஊரில் எவரும் இனம் பார்ப்பதில்லை என்று மனதார நம்புகிறாள். அதே ஊரின் வின்ஸ்லோ சாலையில், இரு குடும்பங்கள் வாழும் வீடுகள் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடாகத் தெரியும்படி ஒற்றை முன்கதவோடு கட்டப்பட்டிருக்கின்றன. வாடகைக்கு இருப்பது வெளியே தெரியக் கூடாது என்பதே காரணம். இந்த வருணனை வரும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள், பின்னர் பலமுறை அங்கே திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்து, கதைசொல்லி யாரை எப்படி அழைக்கிறார் என்று கவனியுங்கள். வீட்டு உரிமையாளரான எலெனா பெரும்பாலும் ‘திருமதி ரிச்சர்ட்சன்’. அவரது வீட்டில் வாடகைக்கு இருந்து, பின்னர் அவரிடமே வேலைக்கும் சேரும் ஒளிப்படக் கலைஞர் வெறும் ‘மியா’. இருவருமே தாய்மார்கள்தான். மரியாதை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை விளக்க ஆசிரியர் ஒரு வரிகூடச் செலவிடவில்லை.

வழக்கு வரும் அத்தியாயங்களுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். சீனாவிலிருந்து குடியேறிய பெபி சௌ, பால் மாவு வாங்கவும் பணமில்லாத நிலையில், குளிர்கால இரவொன்றில் தன் கைக்குழந்தையைத் தீயணைப்பு நிலையத்தில் விட்டுச் செல்கிறாள். பல கருச்சிதைவுகளைத் தாங்கிய வெள்ளையினத் தம்பதியரான மெக்கல்லா குடும்பத்தினர் அக்குழந்தையைத் தத்தெடுக்க முற்படுகிறார்கள். மே லிங் என்று தாய் இட்ட பெயர் மிராபெல் ஆகிவிடுகிறது. இங்கே அக்காலச் சட்டத்தை அறிந்திருப்பது உதவும். இனத்தைக் காரணம் காட்டித் தத்துக் கொடுப்பதைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று, கூட்டரசு நிதி பெறும் அமைப்புகளை 1994இல் இயற்றப்பட்டு 1996இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தியது. மறுபுறம், கைக்குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் ஒப்படைக்கும் தாயைத் தண்டனையிலிருந்து காக்கும் சட்டத்தை டெக்சாஸ் மாநிலம் முதன்முதலில் இயற்றியதே 1999இல்தான். ஆகவே பெபி குழந்தையை விட்டுச் சென்ற காலத்தில் அவளுக்கு அத்தகைய புகலிடம் எதுவுமில்லை.

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, நீதிமன்றத்தில் ஒவ்வொரு தாயிடமும் கேட்கப்படும் கேள்விகளை எழுதுங்கள். பெபியைத் துளைப்பவை வருமானமும் அந்த ஒரே இரவும். திருமதி மெக்கல்லாவிடம் கேட்கப்படுபவை குழந்தையின் முகச்சாயல் கொண்ட பொம்மைகளும் புத்தகங்களும் வீட்டில் உண்டா என்பன போன்றவை. பொம்மை பற்றிய கேள்வி அற்பமானதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்தி மீண்டும் வாசியுங்கள். தன்னைப் போன்ற முகத்தை எங்கும் காணாமல் வளரப்போகும் சிறுமியின் பக்கம் நாவல் வெளிப்படையாக நிற்கும் இடம் அது. அதற்காகத் திருமதி மெக்கல்லாவை வெறுத்துவிடவும் வேண்டாம். அவரது ஏக்கம் உண்மையானது. அதை மறுப்பவர்கள் இந்த நாவலைப் பாதிதான் வாசித்தவர்கள் ஆவார்கள்.

பிறகு அந்தத் தாளின் பக்கத்தில் லெக்ஸியின் கருக்கலைப்பை எழுதுங்கள். மருத்துவமனையில் அவள் கொடுப்பது மியாவின் மகளான பெர்ல் என்பவளின் பெயரை. வசதியுள்ள வீட்டுப் பெண்ணின் ரகசியம் ஏழைப் பெண்ணின் பெயரில் பதிவாகிறது. விசாரணை வரும்போது சந்தேகமும் பெர்ல் மீதே விழுகிறது. பெபிக்குக் கிடைக்காத மறைவிடம் லெக்ஸிக்கு இவ்வளவு எளிதில் கிடைத்துவிடுகிறது.

2020இல் வந்த தொலைக்காட்சித் தொடரை நாவலை முடித்த பின்னரே பாருங்கள். நாவல் வெளிப்படையாகக் குறிக்காத மியாவின் இனத்தை அத்தொடர் கறுப்பினம் என்று தீர்மானித்து, கெர்ரி வாஷிங்டனை அப்பாத்திரத்தில் நடிக்க வைத்தது. இரண்டையும் அறிந்த பின், மியா திருமதி ரிச்சர்ட்சனின் சமையலறையில் வேலைக்குச் சேரும் காட்சியை நாவலில் மறுபடி எடுத்து வாசியுங்கள். அவளது இனம் தெரியாமல் வாசித்தபோது அந்த வேலையை உதவியாகக் கண்டீர்களா, அவமதிப்பாகக் கண்டீர்களா என்பதையும், இப்போது எப்படிக் காண்கிறீர்கள் என்பதையும் அதே தாளின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.